விரலில் அளவு வராது

நகரியில் இரவு எமர்ஜென்சிக்கு வருகிறவர்களின்
கையைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
இந்த வாரம் தொட்டியில் என்ன ஓடுகிறதென்று.
போன வாரம் முழுக்க ராமர் பச்சை.
இப்போது நீலம்.

மருந்து அலமாரிக்குப் பின்னால் போனைச் சாய்த்து வைத்து
இங்கிலாந்து பரீட்சைக்குப் படிக்கிறேன்.
முப்பத்தாறாம் பாடம்: நோயாளி சொல்லும் நிறங்கள்.

நீலமாக இருக்கிறேன் என்பான் ஒருவன்,
ஆக்சிஜனைத் தேடி ஓடாதே.
மனசு சரியில்லை அவனுக்கு,
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்.
இளஞ்சிவப்பில் இருக்கிறேன் என்றால்
தெர்மாமீட்டர் வேண்டாம், சுகமாகத்தான் இருக்கிறான்.
செவுளோரம் பச்சை என்றால் கிண்ணத்தை நீட்டு;
மனுசனுக்கு ஏது செவுள் என்று கேட்காதே.
வயிறு மஞ்சள் என்றால்
ஈரல் அல்ல, கோழை.

பத்மஜா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
எனக்கும் அவளுக்கும் பச்சையிலேயே பழைய தகராறு.
சேர்ந்த புதிதில், குழந்தை பச்சையாகக் கக்குது என்றேன்.
அவள் பச்ச என்றால் மஞ்சள்,
அதைத்தான் சீட்டில் எழுதினாள்.
நல்லவேளை, டாக்டர் ஹைமாவதி
சீட்டைப் படிக்காமல் கிண்ணத்தைப் பார்த்தார்.
அவள் ஊரில் காமாலைக்காரனுக்கு உலகமே பச்ச,
திருத்தணியில் எங்களுக்கு மஞ்சள்.
ஒரே காமாலை, நடுவில் ஒரு செக்போஸ்ட்.
பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்பு என்கிறோமே,
அதில் மருந்துக்கும் பச்சை கிடையாது.
இதையெல்லாம் இங்கிலாந்தில் கேட்கமாட்டார்கள்.

இரண்டு பத்துக்கு முனிரத்தினத்தைத் தூக்கி வந்தார்கள்.
சாயத்தொட்டி கழுவ இறங்கியவன்.
முழங்கை வரை நீலம்.

விரலில் மாட்டினேன் கருவியை.
எழுபத்தொன்று.
வேறு விரல். தொண்ணூற்று நான்கு.
அப்புறம் வெறும் கோடு.
சாயம் வெளிச்சத்தைத் தின்றுவிடும், விரலில் அளவு வராது.
ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்தேன்,
பஞ்சு நீலமானது, நகம் அப்படியே.
உதட்டைப் பார்த்தேன், அங்கும் நீலம்:
அந்தக் கையால்தானே பீடி பிடித்திருப்பான்.
எது சாயம் எது சாவு என்று
பிரிக்கத் தெரியாமல் ஒரு நிமிடம் நின்றேன்.
ஒரு நிமிடம் இல்லை, குறைவுதான்.
பத்மஜா அவன் தலையைத் திருப்பினாள்.
காது மடல்.
அங்கே எவனும் சாயம் பூசிக்கொள்வதில்லை.
எண்பத்து மூன்று. அது மட்டும் நிஜம்.

கறுப்பு சிலிண்டர், வெள்ளைத் தோள்,
உருட்டி வந்த சத்தத்தில் வார்டே விழித்தது.

அவன் பெண்சாதி தேசம்மா சுவரோரம்.
விரிப்பைப் போல வெளுத்தாள் என்று பாடத்தில் வரும்;
எங்கள் விரிப்பெல்லாம் பச்சை.
முகம் செத்துப்போச்சு பார், என்றேன்.
தெல்லபோயிந்தி, என்றாள் பத்மஜா.
அந்தக் கறுத்த முகத்தில்
எங்கே கண்டாளோ வெள்ளையை.

நாலரைக்குத் தொண்ணூற்றாறு.
மாஸ்கை நகர்த்திக் கேட்டேன், எப்படி இருக்கு?
அவன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பதினோரு வருசமா சாயம்,
பந்தியில் பக்கத்து இலைக்காரன்
கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவான், என்றான்.
நான் கேட்டது மூச்சை.
மூச்சு பரவால்ல சிஸ்டர்.
மனசுதான் என்னமோ மாதிரி இருக்கு.

என்னமோ மாதிரி.
அதற்கு எந்தத் தொட்டியிலும் நிறம் இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
ஒரு கால் குட்டை, ஆடுது பாருங்க, என்றான்.
தேசம்மா தன் டிக்கெட்டை நாலாய் மடித்துக்
காலுக்கடியில் வைத்தாள்.